‘துவக்கு’ என்று அத்தான் சொன்னார்

பழைய சாமான் விற்பவர்கள் விளம்பரத்தில் எழுதுவது மனித மொழியே கிடையாது. ‘சிறு கீறல்’ என்றால் கதவு இல்லை. ‘அதிகம் பயன்படுத்தாதது’ என்றால் பயன்படுத்த முடியாதது. ‘ஒரே உரிமையாளர்’ என்றால் பத்துப் பேர் சேர்ந்து செய்ய வேண்டிய அட்டூழியத்தை அந்த ஒரே ஆள் செய்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். இப்படி எழுதுகிறவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் அடைத்து, அவர்கள் விற்ற ஃபிரிட்ஜ், சோபா, கார் எல்லாவற்றையும் அவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோபமாக இருக்கிறேன் என்று தோன்றுகிறதா? ஆமாம், நாலு வருடமாக இருக்கிறேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் விளம்பரம் எழுதியவன் இரண்டாம் குற்றவாளிதான். முதல் குற்றவாளி நான். மூன்றாவது, தமிழ்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங், மெல்பர்னில் மேற்படிப்பு, ஒரு வேலை, நகரத்தின் மேற்கு ஓரம் வெரிபீயில் அக்கா வீட்டு மாடியறை என்று வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்லூரியில் என்.சி.சி. முகாமில் ரைஃபிள் சுட்டதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே வந்ததும் அது முற்றி, ஒரு பிஸ்டல் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். (அம்மாவிடம் பேட்மிண்டன் கிளப் என்று சொல்லியிருந்தேன். “கை வலிக்குதா கண்ணு?” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். வலிக்கத்தான் செய்தது.)

இந்த ஊரில் பிஸ்டல் வாங்குவது கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இல்லை. பாதுகாப்பு வகுப்பு, தேர்வு, போலீஸ் விசாரணை எல்லாம் முடித்து உரிமம் வாங்க வேண்டும். அதன்பிறகும் சில மாதம் கிளப்பின் பிஸ்டலில்தான் சுட வேண்டும். அதற்கப்புறம் ஒன்றைப் பார்த்து வைத்து, இன்ன கடையில் இன்ன பிஸ்டல் என்று எழுதி அனுமதி கேட்க வேண்டும். அதற்குக் கிளப் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இவர் ஒழுங்காக வருகிறார், பொறுப்பானவர், நிதானமானவர் என்று. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து நிஜமாகவே பேட்மிண்டன் ஆட வேண்டியதுதான்.

என் கடிதம் தயாராக இருந்தது. கிளப் செயலாளர் ஜோன் அம்மையார் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். பாதுகாப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்த ஒரே புதிய உறுப்பினர் என்று என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தவும் செய்வார். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.)

ஆனால் எனக்கு வேண்டிய பிஸ்டல் கிடைக்கவில்லை. கிளப் பிஸ்டல்களின் கைப்பிடி எல்லாம் பாறாங்கல் மாதிரிக் கை வைத்திருக்கிற ஆண்களுக்காகச் செய்தது. என் கை அதில் குழந்தை அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். “நீ பிஸ்டலைப் பிடித்திருக்கிறாயா, பிஸ்டல் உன்னைப் பிடித்திருக்கிறதா?” என்று பக்கத்து லேனில் சுடும் பல் டாக்டர் கிரஹாம் வாராவாரம் கேட்பார். வாராவாரம் அதே ஜோக்.

ஆறு மாதம் தேடிய பிறகு அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நாற்பது வருடப் பழசு. இருபத்திரண்டு காலிபர் செமி ஆட்டோமேட்டிக் டார்கெட் பிஸ்டல். கைப்பிடி ஒல்லியாக, எனக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி. ‘ஒரே உரிமையாளர். மிகக் குறைவாகச் சுட்டது. குறை ஏதும் இல்லை.’

குறை ஏதும் இல்லையாம்! தெய்வத்துக்கே சொல்ல முடியாத வாக்கியம்.

“நீ தனியாப் போகக் கூடாது” என்றாள் அக்கா. “போன மாசம் மைக்ரோவேவ் வாங்கப் போயி அந்த ஆளை அழ வெச்சுட்டு வந்தவ நீ. உங்க அத்தானைக் கூட்டிட்டுப் போ.”

அத்தானை அறிமுகப்படுத்த வேண்டும். அக்காவின் கணவர், பெயர் தவம், யாழ்ப்பாணத்துக்காரர். முதல்முறை பார்த்தபோது எங்கள் ஊர் வழக்கப்படி “மாமா” என்று கூப்பிட்டேன். “மாமாவோ? நான் என்ன கிழவனே? அத்தான் எண்டு சொல்லும்” என்று அன்றைக்கே திருத்திவிட்டார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. ஆனால் மெல்பர்னின் மேற்குப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருடைய பழைய கார் அவர் பார்த்துச் சொல்லி வாங்கியதுதான். அவருடைய வித்தை மௌனம். காரைச் சுற்றிச் சுற்றி வருவார். குனிவார். பெருமூச்சு விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அரை மணி நேரத்தில் விற்கிறவனுக்கே வியர்த்து, கேட்காமலே கியர்பாக்ஸ் கதையைச் சொல்லிவிடுவான்.

அப்படிப்பட்டவரைக் கார் பார்க்கக் கூப்பிடலாம். பிஸ்டல் பார்க்கக் கூப்பிடுவது கொஞ்சம் கஷ்டம். பள்ளிக்கூட வயதில் சண்டைக்கு நடுவே ஊரைவிட்டு வந்தவர் அவர். என்ன பார்த்தார் என்று சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. டி.வி.யில் யாராவது சுட்டால் சேனல் மாறும். சுடுகிற பொம்மை எதுவும் வீட்டுக்குள் வராது. அதன் பெயரையும் யாரும் எடுக்கக் கூடாது. என் விளையாட்டை அவர் தடுக்கவில்லை. ஆனால் அவர் வாயில் அது ‘உம்மடை சாமான்’. அக்கா வாயிலும் ‘சாமான்’தான். ஆக, அந்த வீட்டில் அதுவரை இருந்த மூன்று வருடத்தில் அதன் பெயரை அவர் சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எனக்கென்னவோ அவருடைய தமிழ் தண்ணி பட்ட பாடு என்று நினைப்பு. அதற்கென்று ஒரு குட்டி நோட்டுப் புத்தகமே போட்டிருந்தேன். குசினி என்றால் சமையலறை, கதிரை என்றால் நாற்காலி, பேந்து என்றால் அப்புறம். ‘ஆறுதலாச் சாப்பிடும்’ என்றால் எனக்கு யாரோ செத்துப்போய்விட்டதாக அர்த்தம் இல்லை, மெதுவாகச் சாப்பிடு என்று அர்த்தம். நாற்பத்தேழு வார்த்தைகள் சேர்த்திருந்தேன். பரீட்சை வைத்தால் அதிலும் நூறு எடுத்திருப்பேன் என்கிற திமிர்.

“சரி, வாறன்” என்றார் அத்தான். “ஆனா ரெண்டு கொண்டிசன். ஒண்டு, முதல் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போட்டுத்தான் கடைக்குப் போறது. ரெண்டு, கடையில நீர் வாய் திறக்கக் கூடாது. ஆறுதலாப் பாரும். என்ன பிழை கண்டாலும் முகத்தில காட்டாதையும். கதைக்க வேண்டிய நேரம் வரேக்க நான் சொல்லுறன். விளங்குதோ?”

“நீங்க சொன்னாத்தான் ஆரம்பிக்கணும். அவ்வளவுதானுங்களே?”

“ஓம். நான் சொல்லும் மட்டும் பொறும்.”

இதுதான் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தில் நான் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சனிக்கிழமை காலை வெரிபீயிலிருந்து பாலம் தாண்டி, நகரத்தைத் தாண்டி, மெல்பர்னின் மறுமுனைக்குப் போனோம். கோயிலில் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. குருக்கள் “என்ன விசேஷம்?” என்று கேட்டார். “புதுசா ஒரு சாமான் வாங்கப் போறம் ஐயா” என்றார் அத்தான். குருக்கள் மலர்ந்து, தட்டில் நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்து, “நாலு டயருக்கும் கீழ வைச்சு முன்னுக்கு எடுங்கோ” என்று ஆசீர்வதித்தார். அத்தான் நாலையும் பக்தியோடு அர்ச்சனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமும், கையில் அர்ச்சனைப் பையுமாக ஆயுதக் கடைக்குள் நுழைந்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

கடை ஒரு தொழிற்பேட்டைக் கொட்டகையில் இருந்தது. முன்பக்கம் முழுக்க மீன்பிடிச் சாமான்கள். பின்னால் கண்ணாடி மேசை, அதற்கும் பின்னால் இரும்புக் கதவு. கடைக்காரர் பெயர் பாரி. (பெயரில் மட்டும்தான் வள்ளல்.) அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தாடி, அவசரமே இல்லாத மனிதர். என் உரிமத்தை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். அத்தான் தூண்டில்கள் பக்கம் ஒதுங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அங்கிருந்தே என்னைப் பார்த்து வாயில் ஒரு விரல் வைத்துக் காட்டினார்.

பாரி பிஸ்டலை எடுத்துவந்து, குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, உள்ளே காலி என்று காட்டிவிட்டு மேசையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார். நானும் பார்த்தேன். காலிதான். ஆனால் எங்கள் விளையாட்டில் காலி என்று ஒன்று கிடையாது. எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும், யார் பக்கமும் திருப்பக் கூடாது. முதல் வகுப்பின் முதல் பாடம். அந்தப் பாடத்திலும் எனக்கு நூறு.

கையில் எடுத்தேன். ஐயோ, அந்தக் கைப்பிடி! என் உள்ளங்கைக்குள் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஒரு கணம் பாரியையும் விளம்பரத்தையும் உலகத்தையும் மன்னித்துவிட்டேன்.

அந்த ஒரு கணம் முடிந்ததும் திருகாணிகளைப் பார்த்தேன்.

திருகாணித் தலைகள் எல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தன. யாரோ பொருந்தாத திருப்புளியை வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து, மறுபடி வழுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ‘குறை ஏதும் இல்லை.’ பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பினால் அத்தான் வாயில் விரல்.

பக்கவாட்டில் பொறித்திருந்த எழுத்துகள் மங்கி, ஓரங்கள் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன. துருவைத் தேய்த்துவிட்டு மேலே புதுக் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். அறுபது வயதுக் கல்யாண மாப்பிள்ளைக்குத் தலைச்சாயம் அடித்த கதை. மூச்சை இழுத்து விட்டேன். அத்தான் ஒரு தூண்டிலைக் கையில் எடுத்து, ஆறுதல், ஆறுதல் என்று ஜாடை காட்டினார்.

குழாய்க்குள் பார்க்க வெள்ளைக் காகிதம் வேண்டியிருந்தது. பின்பக்கம் வைத்தால் வெளிச்சம் உள்ளே திரும்பும். என் கைப்பையில் இருந்த அர்ச்சனைச் சீட்டைத்தான் வைத்தேன். கடவுள் கிருபையில் குழாய் சுத்தமாக இருந்தது. அதே கிருபையில், குழாயின் பின்வாசலில், குண்டு நுழையும் விளிம்பில் ஒரு பள்ளம் தெரிந்தது. இந்த வகைப் பழைய பிஸ்டல்களில் குண்டு இல்லாமல் விசையை டக் டக் என்று இழுத்து விளையாடினால், குண்டை அடிக்கிற ஊசி நேராக அந்த விளிம்பிலேயே போய்க் குத்தும். ஒரு தடவை, இரண்டு தடவை இழுத்தால் இந்தப் பள்ளம் விழாது. நாற்பது வருடமாக அந்த ‘ஒரே உரிமையாளர்’ டி.வி. பார்த்துக்கொண்டே இழுத்திருக்க வேண்டும். ‘மிகக் குறைவாகச் சுட்டது’! ஆமாம், சுடவில்லைதான். சுடாமலே கொன்றிருக்கிறான்!

எனக்குக் காது சூடாகிவிட்டது. கூடவே வைத்திருந்த இன்னொரு மேகசினை எடுத்துப் போட்டேன். பாதி போய் நின்றுவிட்டது. அது வேறு ஏதோ மாடலுக்கானது. கழற்றி வைத்தேன். கைப்பிடியின் அடிப்பக்கம் விரலை ஓட்டினேன். என் ஒல்லிக் கைப்பிடி, என் ஆறு மாதக் கனவு, அதில் ஒரு விரிசல். விரிசலுக்குள் பசை!

நாற்பது நிமிடம். ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் விழித்திருந்து நான் பேசாமல் இருந்ததில்லை. தொண்டை வரைக்கும் நிரம்பி, மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கிற குக்கர் மாதிரி நின்றேன்.

அப்போது பாரி தாடியைத் தடவிக்கொண்டே, “நல்ல நிலையில் இருக்கிறது, இல்லையா?” என்றார்.

அத்தானிடமிருந்து விசில் வரவேண்டும், வரவில்லை. பிஸ்டலைக் கையில் வைத்தபடியே, ‘இப்பவாவது?’ என்று கேட்கிற முகத்தோடு அத்தான் பக்கம் திரும்பினேன்.

கோபத்தில் எனக்குக் கைதான் பேசும். முகம் திரும்பியபோது கையும் திரும்பியிருக்கிறது.

அத்தானின் கண் விரிந்தது. தூண்டில் கீழே விழுந்தது.

“துவக்கு!” என்றார்.

வந்துவிட்டது! கடைசியில் வந்துவிட்டது! நான் பாரி பக்கம் திரும்பித் துவக்கினேன்.

“நல்ல நிலையா? எது நல்ல நிலை? இந்தத் திருகாணியைப் பாருங்கள்!” என்று திருகாணியைக் காட்டினேன். திருகாணி பிஸ்டலில் இருந்தது. பிஸ்டல் பாரியின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

“துவக்கு! துவக்கு!” என்று பின்னாலிருந்து அத்தான் அலறினார்.

துவக்கிவிட்டேனே, இன்னும் வேகமாகவா? என்ன ஒரு ஆதரவு! அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. குரலை உயர்த்தினேன். “துருவை மறைக்கச் சாயம் அடித்திருக்கிறீர்கள்! உள்ளே பள்ளம்! மேகசின் வேறு யாருடையதோ! கைப்பிடியில் பசை! இதற்கா இந்த விலை? விலையைக் குறையுங்கள்!” ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு தடவை கை முன்னால் போய் வந்தது.

கொஞ்சம் வெளியிலிருந்து பாருங்கள். நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெண், கடைக்காரரை நோக்கிப் பிஸ்டலை நீட்டி நீட்டி, விலையைக் குறை என்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அத்தான் தரையில் குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே கோத்திருந்தன. அவ்வளவு வேகமாக ஒரு மனிதர் படுப்பதை நான் பார்த்ததில்லை. யோசித்துப் படுத்த படுக்கை இல்லை அது. அவர் கொண்டுவந்த அர்ச்சனைப் பை சரிந்து, நாலு எலுமிச்சம்பழமும் நாலு திசைக்கு உருண்டன. ஒன்று என் செருப்பில் வந்து முட்டி நின்றது.

பாரி அசையவில்லை. இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில், “அதை மேசைமேல் வை, மேட்” என்றார்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

வைத்தேன். நூற்றுக்கு நூறு அங்கேயே செத்தது.

பாரி பிஸ்டலை எடுத்து, மறுபடியும் காலி என்று பார்த்து, இரும்புக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, குனிந்து, அத்தானுக்குக் கை கொடுத்து எழுப்பினார். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்காவது ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த மனிதர் திட்டவே இல்லை. அதற்கே இன்னும் கோபம் வருகிறது. “எந்தக் கிளப்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போனை எடுத்தார்.

காரில் ஏறிக் கிளம்பினோம். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“நீங்க எதுக்கு அப்படிக் கத்துனீங்க? நான்தான் பேசிட்டிருந்தேனல்லங்க!”

“நான் கத்தாமல்? துவக்கு எண்டு எத்தினை தரம் சொன்னனான்!”

“அதான் துவக்கினேனே!”

“என்னத்தைத் துவக்கினீர்?”

“பேச்சை! நீங்கதானே துவக்குன்னு சொன்னீங்க?”

“ஓம், துவக்கு எண்டுதான் சொன்னனான். துவக்கு! துவக்கு! உம்மடை கையில இருந்த துவக்கு!”

“என் கையில என்ன துவக்கு இருந்துச்சு? பிஸ்டல்தான் இருந்துச்சு!”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“நிவேதா,” என்றார் மிக மெதுவாக, “உங்கட ஊரில துவக்குக்கு என்னண்டு சொல்லுறது?”

“துவக்குன்னா... ஆரம்பின்னு அர்த்தம்.”

“இல்லை, அது. அந்தச் சாமான்.”

“துப்பாக்கி.”

“எங்கட ஊரில அதுதான் துவக்கு.”

காரை ஓரமாக நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறிப்போய் முதுகில் கை வைத்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்ட, “துவக்கு எண்டு... நான் கத்தக் கத்த... நீர் துவக்கி...” என்று முடிக்க முடியாமல் சிரித்தார். இடையிடையே அந்தச் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். துவக்கு. துவக்கு. வாயில் போட்டு உருட்டிப் பார்க்கிற மாதிரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி என் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டேன். நாற்பத்தேழு வார்த்தைகள்! நாற்காலியும் சமையலறையும் தெரிந்து என்ன பயன், உயிர் போகிற வார்த்தை இல்லாமல்? இலக்கணம் படித்த எவளும் அங்கேயே பிடித்திருப்பாள். என்னை ஒரு நாள்கூட ஒருமையில் பேசாத மனிதர் அவர். ‘பாரும், சொல்லும், பொறும்’ என்று பேசுகிறவர், திடீரென்று ‘துவக்கு’ என்று ஏவுவாரா? ‘துவக்கும்’ என்றல்லவா சொல்லியிருப்பார்? அதுகூட இல்லை. ஆரம்பிப்பதற்கு அவர்கள் சொல்வது ‘தொடங்கு’. மூன்று வருடமாக இந்த வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை. எல்லாம் என் காதில்தான் விழுந்தது. காதுக்கும் மூளைக்கும் நடுவில் என் கோபம் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் கிளப் கமிட்டி கூடியது. மேசைக்குப் பின்னால் ஜோன் அம்மையார், தலைவர், பல் டாக்டர் கிரஹாம். (அவரும் கமிட்டியில்தான் இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.) ஜோன் அம்மையாரின் கைக்கு முன்னால் என் கடிதம், கையெழுத்து இல்லாமல். கேட்காமலே அத்தான் சாட்சிக்கு வந்திருந்தார். கிடங்கு வேலைச் சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு தமிழுக்கும் விளக்கம் சொன்னார்.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் சரியாகப் புரிந்துகொள்கிறேனா? உங்கள் மொழியில் ‘பிஸ்டல்’ என்பதற்கும் ‘ஆரம்பி’ என்பதற்கும் ஒரே வார்த்தை?”

“ஒரே மொழி. ரெண்டு ஊர்” என்றார் அத்தான்.

“இந்த மொழி பேசுகிறவர்கள் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்?” என்று கேட்டார் கிரஹாம்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு எனக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். ஏதாவது ஒன்றைத்தானே செய்ய வேண்டும்? கடிதம் ஆறு மாதம் ஒத்திவைப்பு. பாதுகாப்பு வகுப்பை முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். “வார்த்தை எதுவாக இருந்தாலும் கை உன்னுடையதுதானே, கண்ணே?” என்றார் ஜோன் அம்மையார், கடிதத்தை உறைக்குள் திருப்பி வைத்துக்கொண்டே. அது சரிதான். இன்றைக்கு வரைக்கும் சரிதான். அதுதான் எரிச்சல்.

படித்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பேசப் பழகினேன். அதற்குள் அந்தப் பிஸ்டல் விற்றுப்போனது. பாரி விளம்பரத்தை மாற்றி எழுதியிருந்தார்: ‘திருகாணிகள் தேய்ந்தவை. மறுசாயம் பூசியது. குழாய் விளிம்பில் பள்ளம். ஒரு மேகசின் பொருந்தாது. கைப்பிடியில் ஒட்டிய விரிசல்.’ ஒன்று விடாமல் நான் கத்திய பட்டியல், நான் கத்திய அதே வரிசையில்! விலையும் குறைத்திருந்தார். யார் வாங்கினார்கள் தெரியுமா? கிரஹாம். தன் மனைவிக்காக. அந்த அம்மாள் பக்கத்து லேனில் என் ஒல்லிக் கைப்பிடியைப் பிடித்துச் சுடும் ஒவ்வொரு ஞாயிறும் என் குறி ஒரு வட்டம் தள்ளிப் போகிறது.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் கிடைத்தது. நானும் வேறொன்று வாங்கினேன், அதே பாரியிடம். வேறு எங்கே போவது? அவர் மேசைமேல் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. ‘கீழே வைத்துவிட்டுப் பேசவும்’ என்று பெரிதாக ஆங்கிலத்தில். அதற்குக் கீழே தமிழில், அத்தானின் குண்டு குண்டான கையெழுத்தில், ஒரே ஒரு வார்த்தை. எந்த வார்த்தை என்று சொல்ல மாட்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டில்தான் தாங்க முடியவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே வராத சொல் இப்போது நாளுக்கு நாற்பது தடவை வருகிறது. கார் கிளம்பத் தாமதமானால் துவக்கு. சோறு பரிமாறினால் துவக்கு. நான் வாயைத் திறந்தாலே, “துவக்கீட்டா!” என்கிறார் அத்தான். அம்மா ஒருநாள் வீடியோவில் இதைக் கேட்டுவிட்டு, “பேட்மிண்டன்ல ஏதாச்சும் சண்டையா?” என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் எல்லா உண்மையும் கொட்டிவிட்டது. அந்த வாரம் முழுக்கக் கோயம்புத்தூரிலிருந்து எனக்குத் தனியாகத் திட்டு.

அக்கா மகள் மகிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் வீட்டுப்பாடம்: கொடுத்த சொல்லை வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும். ஐந்தாவது சொல் ‘துவக்கு’. பாடப் புத்தகம் எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, எந்த அர்த்தத்தில் கேட்டாரோ தெரியாது. மகிழ் யாரிடமும் கேட்கவில்லை. ‘சித்தி துவக்கைத் துவக்கினார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தத் தாள் இப்போது குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது. இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். அத்தான் போட்டோ எடுத்து வைத்திருந்திருக்கிறார். மூன்றாவது பிரதியைக் கிழிக்க முடியாது, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிட்டார். வாக்கியத்துக்குக் கீழே ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: ‘பொருள் விளங்கவில்லை.’

அதற்கும் கீழே, பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில், அத்தான் நீல மையில் பதில் எழுதியிருக்கிறார்: ‘எங்களுக்கு விளங்கும்.’